கர்ப்பமான பிறகு காப்பீடு: எந்த வழி யாருக்குப் பொருந்தும்?

நாள் தள்ளிப்போய், ஸ்கேனில் குழந்தையின் துடிப்பையும் பார்த்த பிறகுதான் பல வீடுகளில் காப்பீட்டுப் பேச்சே எழுகிறது. "இப்போது ஒரு ஹெல்த் இன்சூரன்ஸ் போட்டால் பிரசவச் செலவு கிடைக்குமா?" என்று கேட்டால் ஏஜென்ட் ஒன்று சொல்கிறார், அலுவலக நண்பர் வேறொன்று சொல்கிறார், மாமியார் வீட்டில் "எதுக்கு அதெல்லாம், பெரியாஸ்பத்திரி இருக்கே" என்கிறார்கள். மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருப்பதால்தான் முடிவெடுக்க முடிவதில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: இன்று புதிதாக வாங்கும் தனிநபர் பாலிசி எதுவும் வயிற்றில் இருக்கும் இந்தக் குழந்தையின் பிரசவச் செலவைத் தராது. ஆகவே தேட வேண்டியது காத்திருப்புக் காலம் (சேர்ந்த பிறகு பலன் தொடங்கும்வரை பொறுத்திருக்க வேண்டிய காலம்) கேட்காமல் உங்களை ஏற்றுக்கொள்ளும் இடத்தை. தமிழ்நாட்டில் அப்படி மூன்று இடங்கள் உண்டு: கணவன் அல்லது மனைவியின் கம்பெனியில் உள்ள குரூப் பாலிசி, இஎஸ்ஐ எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீடு, அரசு மருத்துவத் திட்டங்கள். மூன்றும் கைகொடுக்காதவர்களுக்குக் கையிலிருந்து கட்டும் வழி. புதுப் பாலிசிக்கும் ஒரு வேலை உண்டு. அதைப் பற்றிக் கீழே சொல்கிறோம்.

## எதை வைத்து எடைபோடுவது?

பிரசவத்தில் வருவது ஒரு பில் இல்லை, இரண்டு. ஒன்று தாயின் பில். சுகப்பிரசவமோ சிசேரியனோ, மருத்துவமனையில் முன்கூட்டியே கேட்டால் ஏறக்குறைய சொல்லிவிடுவார்கள். அந்தப் பணத்தைச் சேர்த்துவைக்க ஆறேழு மாதம் கையில் இருக்கிறது.

இரண்டாவது குழந்தையின் பில். குழந்தை நல்லபடியாகப் பிறந்தால் அது ஒரு தடுப்பூசி, ஒரு குழந்தை மருத்துவர் கட்டணம் என்று முடிந்துவிடும். 37 வாரத்துக்கு முன்பே பிறந்தாலோ, எடை குறைந்தாலோ, மூச்சுத்திணறல், மஞ்சள் காமாலை, கிருமித்தொற்று என்று வந்தாலோ குழந்தை என்ஐசியு எனப்படும் பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போகும். அங்கே பில் நாள் கணக்கில் ஏறும். 34 வாரத்தில் பிறந்த குழந்தை சில வாரங்கள் இருக்கலாம். 28 வாரத்தில் பிறந்த குழந்தை பெரும்பாலும் முதலில் குறித்துக் கொடுத்த பிரசவத் தேதி நெருங்கும்வரை இருக்க வேண்டிவரும். குடும்பங்களைக் கடனில் தள்ளுவது இந்த இரண்டாவது பில்தான். ஆனால் காப்பீடு தேடுகிற பலர் முதல் பில்லைப் பற்றி மட்டுமே கேட்கிறார்கள்.

ஆகவே ஒவ்வொரு வழியிடமும் இந்த ஐந்தைக் கேளுங்கள்:

- இந்தப் பிரசவத்துக்கே பணம் வருமா? எந்தத் தேதியிலிருந்து?
- தாயின் பில்லுக்கு உச்சவரம்பு எவ்வளவு?
- குழந்தைக்குப் பிறந்த முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டா? அது மகப்பேறு வரம்புக்குள் அடங்குமா, குடும்பத்தின் முழுக் காப்பீட்டுத் தொகையிலிருந்து வருமா?
- எந்த மருத்துவமனைக்குப் போகலாம்? அங்கே என்ஐசியு இருக்கிறதா?
- விடுப்புக் காலத்தில் சம்பளம் வருமா?

கடைசிக் கேள்வி காப்பீட்டைச் சேர்ந்ததில்லை என்று தோன்றலாம். ஆறு மாதச் சம்பளத்தைக் கூட்டிப் பார்த்தால், பல பெண்களுக்கு அது பிரசவ பில்லைவிடப் பெரிய தொகை.

## வழி 1: புதிதாக ஒரு தனிநபர் பாலிசி

பெரும்பாலான பாலிசிகளில் மகப்பேறு என்பதே விலக்குப் பட்டியலில் இருக்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வகுத்த பொது விலக்குகளில் இது 18ஆம் எண். பிரசவம், சிக்கலான பிரசவம், சிசேரியன், கருச்சிதைவு, சட்டப்படியான கருக்கலைப்பு எல்லாம் அதில் அடங்கும். விதிவிலக்கு இரண்டு: கருப்பைக்கு வெளியே கரு தங்கும் நிலைக்கான சிகிச்சை, விபத்தால் ஏற்படும் கருச்சிதைவு.

மகப்பேறு சேர்ந்த பாலிசிகளும் விற்கின்றன. அவற்றில் காத்திருப்புக் காலம் பெரும்பாலும் 2 முதல் 3 வருடம். சிலவற்றில் 9 மாதம் அல்லது 12 மாதம். இந்த "9 மாதம்" என்ற சொல்லில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கர்ப்பக் காலம் 40 வாரம் என்பது கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து கணக்கு. வீட்டில் பரிசோதனை செய்து இரண்டு கோடு தெரியும்போதே ஐந்து, ஆறு வாரம் ஓடியிருக்கும். மிச்சம் இருப்பது 34 வாரம், அதாவது எட்டு மாதத்துக்கும் குறைவு. அன்றைக்கே பணம் கட்டினாலும் 9 மாதக் காத்திருப்பு முடிவதற்குள் குழந்தை பிறந்துவிடும்.

கணக்கு எப்படியோ ஒத்துவந்துவிட்டாலும் விண்ணப்பம் தடுக்கும். "தற்போது கர்ப்பமாக இருக்கிறீர்களா?" என்று படிவத்தில் நேராகவே கேட்பார்கள். ஆம் என்றால் பல நிறுவனங்கள் பிரசவம் முடிந்து சில வாரங்கள் கழித்து வரச் சொல்கின்றன. இல்லை என்று எழுதச் சொல்லும் ஏஜென்டை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் கடைசி மாதவிடாய்த் தேதி இருக்கும், முதல் ஸ்கேனில் கருவின் வயது நாள் கணக்கோடு இருக்கும். உண்மையை மறைத்தது தெரிந்தால் பிரசவத்துக்குப் பணம் வராது என்பது மட்டுமில்லை, பாலிசியே ரத்தாகலாம், கட்டிய பிரீமியமும் போகலாம். பிறகு வேறு நிறுவனத்துக்குப் போனாலும், "முன்பு எந்தப் பாலிசியாவது மறுக்கப்பட்டதா?" என்ற கேள்விக்குப் பதில் எழுத வேண்டியிருக்கும். ஏற்கெனவே நடந்துவிட்டிருந்தால், பாலிசி கையில் கிடைத்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம்; சிறு பிடித்தம் போகப் பணம் திரும்பும்.

மகப்பேறு சேர்ந்த பாலிசி அடுத்த குழந்தைக்காவது லாபமா? அதற்கும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக, மகப்பேறு சேர்ப்பதற்காக வருடம் 8,000 ரூபாய் கூடுதலாகக் கட்டி, 2 வருடக் காத்திருப்பு முடிந்து மூன்றாம் வருடம் பிரசவம் என்றால் கட்டியது 24,000. உச்சவரம்பு 50,000 என்றால் உண்மையான ஆதாயம் 26,000தான். நான்காம் வருடம் தள்ளிப்போனால் அது 18,000. குழந்தைக்கு முதல் நாள் பாதுகாப்பும் அதே கூடுதல் பிரீமியத்தில் வருகிறது என்றால்தான் அந்தப் பணம் பொருள்பெறும்.

இந்த வழி இப்போது பொருந்துவது யாருக்கு? இந்தப் பிரசவத்தைக் கணக்கில் சேர்க்காமல், குடும்பத்துக்கான அடிப்படைக் காப்பீட்டைத் தொடங்க நினைப்பவர்களுக்கு. கணவர் பெயரில் குடும்பப் பாலிசியை இப்போதே தொடங்கி, பிரசவத்துக்குப் பின் மனைவியையும், பாலிசி அனுமதிக்கும் வயதில் குழந்தையையும் சேர்க்கலாம். பல பாலிசிகளில் குழந்தையை 91ஆம் நாளிலிருந்துதான் சேர்ப்பார்கள். முதல் மூன்று மாதம் திறந்தவெளி. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவப் பாலிசிகளுக்கு ஜிஎஸ்டி இல்லை என்பதால் பிரீமியமும் முன்னைவிடக் குறைவு.

மனைவி ஏற்கெனவே மகப்பேறு இல்லாத ஒரு பாலிசியில் இருந்தால் அதை விட்டுவிடாதீர்கள். கர்ப்ப காலத்தில் டெங்கு, குடல்வால் அழற்சி, விபத்து என்று வந்தால் அது கைகொடுக்கும். கர்ப்பத்தால் வரும் ரத்த அழுத்தம், சர்க்கரைக்கான சிகிச்சையை மட்டும் "பிரசவம் சார்ந்தது" என்று மறுக்க வாய்ப்பு அதிகம்.

## வழி 2: கம்பெனியின் குரூப் பாலிசி

தனியார் மருத்துவமனையில்தான் பிரசவம் என்று முடிவுசெய்தவர்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. குரூப் பாலிசியில் ஒவ்வொருவரின் உடல்நிலையையும் பார்த்துச் சேர்ப்பதில்லை. பல கம்பெனிகள் மகப்பேறுக்கான 9 மாதக் காத்திருப்பைக் கூடுதல் பிரீமியம் கட்டித் தள்ளுபடி செய்திருக்கும். அப்படியிருந்தால், சேரும்போது கர்ப்பமாக இருந்தாலும் பணம் வரும்.

எச்ஆரிடம் "மெட்டர்னிட்டி இருக்கா?" என்று மட்டும் கேட்டால் "இருக்கு" என்ற ஒரு சொல் பதில் வரும். அது போதாது. பாலிசியின் பலன் பட்டியலை வாங்கி இவற்றைத் தேடுங்கள்:

காத்திருப்பு. 9 மாதம் தள்ளுபடி ஆகியிருக்கிறதா? புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் அது உண்டா?

வரம்பு. சுகப்பிரசவத்துக்கு ஒரு தொகை, சிசேரியனுக்கு வேறு தொகை இருக்கும். குடும்பக் காப்பீடு 5 லட்சம் என்று இருந்தாலும் பிரசவத்துக்கு அந்தச் சிறிய வரம்புதான். கர்ப்ப காலப் பரிசோதனைச் செலவு அதற்குள் அடங்குமா, தனியா என்றும் பாருங்கள்.

உயிருக்கு ஆபத்தான சிக்கல். அதிக ரத்தப்போக்கு, வலிப்பு போன்றவை மகப்பேறு வரம்புக்குள் நின்றுவிடுமா, முழுத் தொகையிலிருந்து தருவார்களா? நல்ல பாலிசியில் இதற்குத் தனி வரி இருக்கும்.

குழந்தை. "பிறந்த முதல் நாளிலிருந்து" என்ற சொற்கள் இருக்கின்றனவா? அந்தப் பாதுகாப்பு குடும்பத்தின் முழுத் தொகையிலிருந்து வர வேண்டும். இந்த ஒரு வரிக்காகவே இரண்டு வேலைவாய்ப்புகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாலும் தவறில்லை.

எத்தனை குழந்தை. பொதுவாக முதல் இரண்டு பிரசவத்துக்குத்தான்.

அறை வாடகை. இது சத்தமில்லாமல் பணத்தைத் தின்னும். வரம்பு நாளுக்கு 4,000 ரூபாய், நீங்கள் எடுத்தது 8,000 ரூபாய் அறை என்றால், கூடுதல் வாடகையோடு விஷயம் முடியாது. மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம் போன்ற அறையோடு சேர்ந்த கட்டணங்களும் அதே விகிதத்தில் வெட்டப்படும். அவை 90,000 என்றால் 45,000தான் கணக்கில் வரும். தனி அறை வேண்டும் என்று தோன்றினால் இதைச் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

அடுத்து, சேர்க்கும் தேதி. மனைவியைக் கணவரின் குரூப் பாலிசியில் எப்போது வேண்டுமானாலும் சேர்க்க முடியாது. வேலையில் சேரும்போது, திருமணமான சில வாரங்களுக்குள், அல்லது வருடாந்திரப் புதுப்பிப்பின்போது என்று மூன்று வாசல்கள்தான் பொதுவாக இருக்கும். திருமணத்தின்போது "அப்புறம் சேர்த்துக்கலாம்" என்று விட்டவர்கள் புதுப்பிப்புத் தேதி பிரசவத்துக்கு முன்னால் வருகிறதா என்று உடனே பார்க்க வேண்டும். புதுப்பிப்பு ஏப்ரலில், பிரசவம் ஜூலையில் என்றால் கவலையில்லை. பிரசவம் பிப்ரவரியில் என்றால் எச்ஆரிடம் விதிவிலக்குக் கேட்டுப் பார்க்கலாம். சில நேரம் கிடைக்கும், நம்பி உட்கார முடியாது.

கணவன், மனைவி இருவருக்கும் குரூப் பாலிசி இருந்தால் இரண்டையும் பயன்படுத்தலாம். சிசேரியன் பில் 1,40,000. மனைவியின் பாலிசி வரம்பு 75,000, கணவருடையது 60,000. முதலில் மனைவியின் பாலிசியில் கேஷ்லெஸ், அதாவது நிறுவனமே மருத்துவமனைக்கு நேராகக் கட்டுவது. மீதி 65,000ஐக் கையில் கட்டி, முதல் நிறுவனம் எவ்வளவு தீர்த்தது என்ற கடிதம், பில்களின் சான்றிட்ட நகல் இவற்றோடு கணவரின் பாலிசியில் திரும்பக் கேட்டால் 60,000 வரை கிடைக்கலாம். பாலிசி ஏற்காத கையுறை, பதிவுக் கட்டணம் போன்ற சில்லறைகள் இதில் கழியும். அந்தக் கடிதத்தை டிஸ்சார்ஜ் அன்றே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், பிறகு டிபிஏவை (காப்பீட்டு நிறுவனத்துக்காகக் கோரிக்கைகளைக் கையாளும் இடைநிறுவனம்) துரத்திக்கொண்டிருக்க வேண்டாம்.

இந்த வழியின் பலவீனம் ஒன்றுதான், ஆனால் பெரியது. பாலிசி உங்களுடையது இல்லை, வேலையுடையது. வேலையை விட்டால் பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு பாதுகாப்பும் போய்விடும். வாந்தி, களைப்பு தாங்காமல் ஐந்தாம் மாதத்தில் ராஜினாமா செய்யும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் இழப்பது காப்பீட்டையும் 26 வாரச் சம்பளத்தையும் சேர்த்து. விடவேண்டிய நிலை என்றால் முதலில் மருத்துவ விடுப்பு, வீட்டிலிருந்து வேலை இவற்றைக் கேளுங்கள். கணவரின் பாலிசியில் இருந்தால், அவர் வேலை மாறும் நேரத்தையும் அதே கவனத்தோடு பார்க்க வேண்டும். பழைய இடத்தில் கடைசி நாளுக்கும் புதிய இடத்தில் சேரும் நாளுக்கும் நடுவில் இரண்டு வாரம் விட்டு, அதில் குறைமாதப் பிரசவம் ஆனால் எந்த நிறுவனமும் பொறுப்பேற்காது.

கர்ப்பமாக இருக்கும்போது புது வேலையில் சேரலாமா? காப்பீடு முதல் நாளே வரக்கூடும். சம்பளத்தோடு மகப்பேறு விடுப்புக்கு வேறு நிபந்தனை உண்டு: எதிர்பார்க்கும் பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் அந்த நிறுவனத்தில் குறைந்தது 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும். ஐந்தாம் மாதத்துக்குள் சேர்ந்தால் எட்டிவிடலாம். ஏழாம் மாதத்தில் சேர்ந்தால் கடினம்.

## வழி 3: இஎஸ்ஐ

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை வாங்கும், 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் இருக்கும் ஊழியருக்கு இது உண்டு. சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிப்பார்கள், முதலாளி 3.25 சதவீதம் கட்டுவார். 18,000 சம்பளத்துக்கு உங்கள் பங்கு மாதம் 135 ரூபாய். இந்தப் பணத்துக்குக் கிடைப்பதை எந்தத் தனியார் பாலிசியும் தராது: வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே குடும்பம் முழுவதற்கும் மருத்துவம், பிரசவத்துக்குத் தனி உச்சவரம்பு கிடையாது, குழந்தையும் குடும்பத்தில் சேர்த்தி. கர்ப்பமான பிறகு வேலையில் சேர்ந்திருந்தாலும் மருத்துவம் உண்டு. ஊழியர் கணவராக இருந்தாலும் மனைவியின் பிரசவம் இஎஸ்ஐ மருத்துவமனையில் நடக்கும்.

பண உதவி வேறு கணக்கு. இன்சூர் ஆன பெண்ணுக்கு மட்டும் 26 வாரம், சராசரி நாள் சம்பளம் முழுவதும். இதில் பிரசவத்துக்கு முன் 8 வாரம்வரை எடுக்கலாம். ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் 12 வாரம். கருச்சிதைவானால் 6 வாரம். நிபந்தனை: அதற்கு முந்தைய இரண்டு சந்தாக் காலங்களில் சேர்த்து 70 நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும்.

சந்தாக் காலம் என்பதில்தான் குழப்பம். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டியதற்கான பலன் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. மார்ச் 2026இல் பிரசவம் என்று வையுங்கள். பார்க்கப்படுவது 2024 அக்டோபர் முதல் 2025 செப்டம்பர் வரையிலான சந்தா. 2025 நவம்பரில் வேலைக்குச் சேர்ந்தவருக்கு மருத்துவம் கிடைக்கும், பண உதவி கிடைக்காது. ஜூனில் சேர்ந்தவருக்கு 70 நாள் தேறிவிடும்.

தவறு நடக்கும் இடங்கள்: சம்பளத்தில் பிடித்துவிட்டு முதலாளி கட்டாமல் விடுவது. இஎஸ்ஐ இணையதளத்தில் உங்கள் காப்பீட்டு எண்ணைப் போட்டுச் சந்தா விவரத்தை இப்போதே பாருங்கள். மனைவியின் பெயர் குடும்ப விவரத்தில் ஏறாமல் இருப்பது இன்னொன்று. வலி எடுத்த இரவில் இதைச் சரிசெய்ய முடியாது. பெயரைச் சேர்த்து, டிஸ்பென்சரியில் பதிந்து, மூன்றாம் மாதத்திலேயே ஒருமுறை போய்வந்துவிட வேண்டும். நடுவில் சம்பளம் 21,000ஐத் தாண்டினால் பயப்பட வேண்டாம், அந்தச் சந்தாக் காலம் முடியும்வரை பாதுகாப்பு தொடரும்.

மறைமுகச் செலவு தூரமும் நேரமும். சென்னை, கோவை, மதுரை போன்ற ஊர்களில் இஎஸ்ஐ மருத்துவமனை உண்டு. அதிலிருந்து ஒன்றரை மணி நேரத் தொலைவில் இருப்பவருக்குச் சேமிப்பு ஆட்டோவிலும் காரிலும் கரையும். நாமாகத் தேர்ந்தெடுத்துத் தனியாரிடம் போனால் அந்த பில்லை இஎஸ்ஐ தராது. அவர்கள் எழுதி அனுப்பினால்தான் உண்டு.

## வழி 4: அரசு மருத்துவமனையும் முதலமைச்சர் காப்பீடும்

இதைக் காப்பீடு என்று யாரும் நினைப்பதில்லை. வேலையைப் பார்த்தால் இதுவே பெரிய காப்பீடு. 2011இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி அரசு மருத்துவமனையில் சுகப்பிரசவம், சிசேரியன், மருந்து, பரிசோதனை, ரத்தம், உணவு, வாகனம் எல்லாம் இலவசம். நோயுற்ற பச்சிளங்குழந்தைக்கும் அப்படியே. வருமான வரம்பு இல்லை, காத்திருப்பு இல்லை, கர்ப்பத்தை மறைக்கும் தேவையும் இல்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் சீமாங் எனப்படும் அவசரப் பிரசவ சிகிச்சை மையமும் பச்சிளங்குழந்தைப் பிரிவும் ஒரே வளாகத்தில் இருக்கும். சென்னையில் எழும்பூர் தாய் சேய் நல மருத்துவமனை, திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை போன்றவை சிக்கலான கர்ப்பங்களைத் தினமும் கையாளுகின்றன. ரத்த அழுத்தம், நஞ்சுக்கொடி கீழிறங்கியது, இரட்டைக் குழந்தை என்றால் சிறிய நர்சிங் ஹோமைவிட இது பாதுகாப்பான இடம். நர்சிங் ஹோம்களே கடைசி நேரத்தில் இங்கேதான் அனுப்புகின்றன. அவசரமாகக் கொண்டுவரப்படுவதைவிட முன்பே பதிந்து வருவது தாய்க்கும் குழந்தைக்கும் நல்லது.

பண உதவியும் உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் மொத்தம் 18,000 ரூபாய் மதிப்பு: 14,000 பணமாகத் தவணைகளில், 4,000க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். முதல் இரண்டு குழந்தைகளுக்கு. 12 வாரத்துக்குள் பதிய வேண்டும் என்பது முக்கியம். கிராம சுகாதாரச் செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பதிந்தால் பிக்மி எண் எனப்படும் கர்ப்பப் பதிவு எண் கிடைக்கும். தனியாரில் பிரசவம் பார்ப்பவருக்கும் இந்த 12 இலக்க எண் வேண்டும், பிறப்புச் சான்றிதழுக்கு அதைக் கேட்பார்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இதிலிருந்து வேறு. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு, வருடத்துக்கு 5 லட்சம் வரை, பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு. ஏற்கெனவே இருக்கும் நோய்க்கும் காத்திருப்பு இல்லை. இந்தக் கார்டைக் காட்டித் தனியாரில் சாதாரணப் பிரசவம் பார்த்துவிடலாம் என்று கிளம்பக் கூடாது. இது பயன்படுவது பெரும்பாலும் பட்டியலில் வரும் பெரிய சிகிச்சைகளுக்கு, குழந்தைக்கு அறுவை சிகிச்சை, தீவிர சிகிச்சை என்று வரும்போது. அதனால்தான் கார்டைப் பிரசவத்துக்கு முன்பே எடுத்துவைக்கச் சொல்கிறோம். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். நினைத்திருக்கும் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில், குழந்தைக்கான எந்தெந்தச் சிகிச்சைகள் அங்கே ஏற்கப்படும் என்றும் முன்னதாகக் கேளுங்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். கூட்டம் அதிகம். தனி அறை பெரும்பாலும் இல்லை. உடனிருக்க ஒரு பெண்ணைத்தான் விடுவார்கள். உங்களுக்குப் பிடித்த மருத்துவரே பிரசவம் பார்ப்பார் என்ற உறுதி கிடையாது. உடனிருப்பவரின் சம்பள இழப்பு, சாப்பாடு, போக்குவரத்து உங்கள் செலவு.

## வழி 5: கையிலிருந்து கட்டுவது

குரூப் பாலிசி இல்லை, இஎஸ்ஐ இல்லை, ஆனால் தனியார்தான் வேண்டும் என்பவர்களுக்கு மிஞ்சுவது இது. மருத்துவமனைகள் "பேக்கேஜ்" என்று ஒரு தொகை சொல்வார்கள். அது காப்பீடு இல்லை, விலைப்பட்டியல். சுகப்பிரசவ பேக்கேஜுக்குப் பணம் கட்டியவருக்கு அவசர சிசேரியன் ஆனால் வித்தியாசத்தைக் கட்ட வேண்டும். பேக்கேஜில் பொதுவாக அடங்காதவை: வலியில்லாப் பிரசவத்துக்கான முதுகு ஊசி, ரத்தம், நெகட்டிவ் ரத்த வகைத் தாய்க்குப் போடும் ஆன்டி-டி ஊசி, குறித்த நாளுக்கு மேல் தங்குவது, குழந்தை மருத்துவர், என்ஐசியு. எழுத்தில் வாங்குங்கள்.

சேர்க்கவேண்டிய தொகைக்கு அளவு: சிசேரியன் பேக்கேஜ் முழுவதும், அதோடு அந்த மருத்துவமனையின் என்ஐசியு ஒரு நாள் கட்டணத்தை ஏழால் பெருக்கி வருவது. சுகப்பிரசவத்துக்கு மட்டும் சேர்த்துவைப்பது போதாது. பிரசவத்துக்கு முன்பே இன்னொரு முடிவையும் எடுத்துவைக்க வேண்டும்: குழந்தைக்கு என்ஐசியு தேவைப்பட்டால் எத்தனை நாள்வரை இங்கே, அதன் பிறகு எந்த அரசு மருத்துவமனைக்கு. குழந்தையைப் பார்த்த பிறகு இந்தக் கணக்கை யாராலும் நிதானமாகப் போட முடியாது.

## ஒரே பார்வையில்

| | புதுப் பாலிசி | குரூப் பாலிசி | இஎஸ்ஐ | அரசு மருத்துவமனை | கைப்பணம் |
|---|---|---|---|---|---|
| இந்தப் பிரசவத்துக்கு | இல்லை | உண்டு, காத்திருப்பு தள்ளுபடியானால் | உண்டு | உண்டு | உங்கள் சேமிப்பு வரை |
| உச்சவரம்பு | பொருந்தாது | பாலிசிப்படி | இல்லை | இலவசம் | இல்லை |
| குழந்தையின் முதல் நாள் | பெரும்பாலும் 91ஆம் நாள் முதல் | பாலிசியைப் பார்க்க வேண்டும் | உண்டு | உண்டு | இல்லை |
| மருத்துவமனைத் தேர்வு | பொருந்தாது | பரந்தது | குறுகியது | அரசு மட்டும் | உங்கள் விருப்பம் |
| மறைந்திருக்கும் செலவு | மறுப்பு, ரத்து | அறை வாடகை வெட்டு, வேலை போனால் இழப்பு | தூரம், கட்டாத சந்தா | கூட்டம், உடனிருப்பவரின் சம்பள இழப்பு | என்ஐசியு, திடீர் சிசேரியன் |

## எந்த நிலையில் எது?

மனைவிக்கோ கணவருக்கோ குரூப் பாலிசியில் காத்திருப்பு தள்ளுபடி ஆகி, குழந்தைக்கும் முதல் நாள் பாதுகாப்பு இருந்தால் வேறெதையும் தேட வேண்டாம். அந்தப் பாலிசியின் மருத்துவமனைப் பட்டியலில் உள்ள, என்ஐசியு உள்ள மருத்துவமனையைத் தேர்ந்தெடுத்து ஏழாம் மாதத்திலேயே பதியுங்கள். கேஷ்லெஸ் கோரிக்கை போனதும் ஒரு மணி நேரத்துக்குள் பதில், டிஸ்சார்ஜின்போது மூன்று மணி நேரத்துக்குள் இறுதி அனுமதி என்பது ஐஆர்டிஏஐ 2024இல் வைத்த காலக்கெடு. தாமதமானால் இதைச் சொல்லிக் கேளுங்கள்.

இஎஸ்ஐ இருந்து, மருத்துவமனை எட்டும் தூரத்தில் இருந்தால் அதுவே போதும். தூரமாக இருந்தால் பரிசோதனைகளை டிஸ்பென்சரியிலும், பிரசவத்தை அருகிலுள்ள அரசு மருத்துவமனையிலும் வைத்துக்கொண்டு, 26 வாரப் பண உதவியை மட்டும் இஎஸ்ஐயில் வாங்கலாம். அதற்கான சான்றுகள் எவை என்பதைக் கிளை அலுவலகத்தில் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

எதுவும் இல்லாதவர்களுக்கு நாங்கள் சொல்வது இரட்டைப் பதிவு. பரிசோதனைக்கு உங்களுக்குப் பழக்கமான தனியார் மருத்துவர். கூடவே ஆரம்ப சுகாதார நிலையத்தில் 12 வாரத்துக்குள் பதிவு, அருகிலுள்ள பெரிய அரசு மருத்துவமனையில் ஒரு முறையாவது காட்டி அட்டை வாங்குவது. ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி அரசு மையங்களில் கர்ப்பிணிகளுக்கு மருத்துவரின் இலவசப் பரிசோதனை நடக்கும், அதைப் பயன்படுத்தலாம். 34ஆம் வாரத்தில் நிலைமையைப் பார்த்து, எங்கே பிரசவம் என்று முடிவுசெய்யுங்கள். சிக்கல் எதுவும் இல்லை, கையில் பணமும் இருக்கிறது என்றால் தனியார். சர்க்கரை, அழுத்தம், குழந்தையின் வளர்ச்சிக் குறைவு என்று ஏதாவது எழுதியிருந்தால், பணம் இருந்தாலும் என்ஐசியு உள்ள இடம்.

குழந்தை பிறந்ததும் முதல் வாரத்தில் செய்யவேண்டியது ஒன்று இருக்கிறது. வாழ்த்துச் சொல்ல வருபவர்களுக்கு நடுவில் மறந்துபோவது இதுதான். குரூப் பாலிசியில் குழந்தையைச் சேர்க்கப் பொதுவாக 30 நாள் அவகாசம்தான். பெயர் வைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். தாயின் பெயரோடு "ஆண் குழந்தை" அல்லது "பெண் குழந்தை" என்று போட்டு, மருத்துவமனை கொடுக்கும் பிறப்பு விவரத்தை இணைத்து எச்ஆருக்கு மின்னஞ்சல் அனுப்பி, சேர்த்துவிட்டோம் என்ற பதிலை வாங்கிவிடுங்கள். பெயரைப் பிறகு திருத்திக்கொள்ளலாம்.